நீருக்குள் மைக் இறக்குமுன்: மலையகப் பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாசிரியர்களுக்கு,

கடலொலியைப் பதிந்து அங்குள்ள உயிர்களை ஆராயும் முறையைப் பழக்க, பிள்ளைகளைத் திருகோணமலைவரை கூட்டிப்போக வேண்டியதில்லை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பவளப்பாறையில் இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் படபடப்பு இங்கே கேட்காதுதான். ஆனால் கருவி அதேதான், அதில் விடும் பிழைகளும் அவையேதான்.

நீருக்குள் இறக்கும் மைக்கைச் செய்ய, 27 மில்லிமீட்டர் பீசோ தட்டு (அதிர்வை மின்சைகையாக்கும் தட்டு), கவசமிட்ட வயர், எபொக்சிப் பசை போதும். வயரைப் பற்றவைத்த தட்டை எபொக்சியில் முழுதாக மூழ்கடித்து ஒருநாள் இறுகவிடுங்கள். மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே காற்றுக்குமிழி நின்றால் ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும். கசிவு வருவது பெரும்பாலும் வயர் நுழையும் வாயில்.

கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான்: வயரை நேரே கைத்தொலைபேசியில் செருகுவது. அந்தத் தட்டின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) ஏறக்குறைய 20 நானோபரட். மைக் நுழைவின் தடை 2 கிலோஓம் என்றால், 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். மீன்களின் ஒலி பெரும்பாலும் 1 கிலோஹேர்ட்ஸுக்கும் கீழே. தேடிப்போனதையே வடித்துக் கொட்டியாயிற்று! இடையில் டிஎல்072 போன்றதொரு செயற்பாட்டு விரியலாக்கியை (சைகையைப் பெருக்கும் சில்லை) வைத்து, நுழைவில் 1 மெகாஓம் கொடுத்தால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். உயர்தரப் பௌதிகவியல் மாணவர் இதைத் தாமே கணக்கிடட்டும்.

ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரு நாள் பதிவுகளை ஒப்பிட முடியாது. எம்பி3 வேண்டாம். வேவ் கோப்பாக, செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுங்கள். ஹட்டன் பக்கத்துத் தூறலையும் லேசாக எண்ணாதீர்கள். 1 மில்லிமீட்டர் துளி நீருக்குள் அடைக்கும் குமிழி 15 கிலோஹேர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். எந்த மீடிறனில் எப்போது ஒலி எழுந்தது என்று காட்டும் மீடிறன் படத்தில் நீர்ப்பூச்சிக் கூட்டம் என்று ஏமாற்றும்.

மடிகணினி மின்னில் செருகியிருந்தால் 50, 100, 150 ஹேர்ட்ஸில் நேர்கோடுகள் விழும். ஆண் திலாப்பியா இணைதேடும்போது எழுப்பும் தாழ்ந்த ஒலி அதில் அமுங்கிவிடும். பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் அது மீனல்ல.

ஆழமும் முக்கியம். 1 மீட்டர் நீரில், தரை பாறையாக இருந்தால்கூட, சுமார் 370 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி தூரம் போகாது. சேற்றுத் தரையென்றால் இன்னும் மோசம். மின் உற்பத்திக்காக நீர்மட்டம் இறங்கும் இடங்கள் இவை. போன மாதம் 4 மீட்டர் ஆழமாயிருந்த இடம் இன்று கரையாயிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கோப்போடும் திகதி, நேரம், ஆழம், நீர்மட்டம், மழை, விரியலாக்க அளவு ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

வயர் நீரோட்டத்தில் அதிர்ந்தால் அதுவே உறுமும். கல் கட்டிய கயிற்றில், கல்லுக்கு அரை மீட்டர் மேலே, தளர்வான ரப்பர் பட்டையில் கருவியைத் தொங்கவிடுங்கள். அணைக்கட்டுக்கும் வான்கதவுக்கும் கிட்டப் போகவேண்டாம். முன்கூட்டி அனுமதி பெறுங்கள்.

இப்படிக்கு,
நீரொலிப் பதிவில் ஈடுபடும் ஆசிரியர் சிலர்