ஆடிக்காற்றில் பறக்கும் மேல்மண்: திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி முதல் ஆவணி வரை வீசும் காற்று, இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்குப் புதிதன்று. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிச் சென்று கடலோரத் தேரிகளாக, அதாவது செம்மணல் மேடுகளாகக் குவித்ததும் அதுவே என்பார்கள். இன்று எங்களை அச்சுறுத்துவது, அந்தக் காற்றின் முன்னே எங்கள் நிலம் மறைப்பின்றிக் கிடப்பதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் குளம் நிரம்பாது, விதைப்பு நடக்காது, அடுத்த ஆடியில் தரிசாகக் கிடக்கும் காட்டில் மண்ணைப் பிடித்து வைக்க ஒரு வேரும் இராது. காற்று முதலில் தூக்கிச் செல்வது மட்கும் சத்தும் கலந்த நயமான மண்ணைத்தான். மிஞ்சும் பருமணலில் அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் உளுந்து பழையபடி விளைவதில்லை. பறந்து வரும் மணல் இளம் முருங்கையின் தளிரைக் கிழிக்கிறது, வாய்க்காலை மூடுகிறது, கைக்குழந்தையும் முதியவர்களும் இருக்கும் வீடுகளில் மூச்சுத்திணறலாக முடிகிறது. 2016-இல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது கருகிய பயிரைப் பற்றிப் பேசினோம். பறந்துபோன மண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை. பயிர் ஓராண்டு இழப்பு, மேல்மண்ணோ ஒரு தலைமுறையின் இழப்பு.

வரப்பிலும் குளக்கரையிலும் நின்ற பனையும் உடைமரமும்தான் எங்களுக்குக் காற்றுத் தடுப்பாக இருந்தன. செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் அவை வெட்டப்பட்ட இடங்களில்தான் மண் அதிகம் பறக்கிறது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்தது. ஆகவே இதில் முதல் அதிகாரம் தங்களுடையது. ஊராரைக் கேட்டு, இடத்தை நேரில் பார்த்த பின்பே அனுமதி வழங்கப்பட வேண்டும்.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயில் வெள்ளநீர் வரும்போது கடைமடைக் குளங்களை முதலில் நிரப்ப நீர்வளத்துறைக்கு அறிவுறுத்துங்கள். குளம் நிறைந்தால் ஆடிவரை நிலத்தில் ஈரமும் பசுமையும் நிற்கும். வறட்சிக் கணக்கெடுப்பில் மண் இழப்புக்கும் ஓர் இடம் வேண்டும். பனை வளர ஆண்டுகள் பல ஆகும் என்பதால், பனங்கொட்டை தாராளமாகக் கிடைக்கும் இந்த ஆவணி, புரட்டாசியிலேயே ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ்க் குளக்கரைகளில் விதைப்பைத் தொடங்கவும், இடைக்காலத் தடுப்பாக வரப்புகளில் உடைமரமும் வேம்பும் நடவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இராதாபுரம் வட்டார மானாவாரி விவசாயி ஒருவர்