செயலாளரின் ஆண்டறிக்கை: சிறப்புக் கல்விப் பிரிவு பெற்றோர் சங்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான் என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பள்ளி நிர்வாகத்துடன் நடந்த முதல் சந்திப்பில், பெற்றோர் பிரதிநிதி என்ற பெயரில் போய் உட்கார்ந்துகொண்டு, கிடைத்த அரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் என் மகனின் பேச்சுப் பயிற்சி வகுப்பு அடிக்கடி ரத்தாவதைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டேன். வெளியே வந்ததும் நம் பொருளாளர், "சார், மத்த பிள்ளைங்க விஷயத்தை எப்போ பேசப் போறோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த செயற்குழுவில் ஒரு விதி போட்டோம். மூன்று குடும்பங்களாவது சொல்லும் பிரச்சினையை மட்டும்தான் நிர்வாகத்திடம் கொண்டுபோவது, மற்றதை அவரவர் சிறப்பாசிரியரிடம் தனியாகப் பேசிக்கொள்வது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிரிவிலேயே சக்கர நாற்காலியில் வரும் ஒரே பிள்ளையின் அப்பா எழுந்து, "ஆய்வகம் மாடியில இருக்கு, என் பொண்ணு கீழேயே உட்கார்ந்திருக்கா. இன்னும் ரெண்டு குடும்பத்துக்கு நான் எங்கே போறது?" என்றார். விதியை அன்றே கிழித்துப் போட்டோம்.

அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடுதான் இந்த ஆண்டு நாங்கள் உருப்படியாகச் செய்தது என்று நினைக்கிறேன்: ஒருவர் பிள்ளையின் விஷயத்தை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, இன்னொருவர் பேசுவது. சொந்தப் பிள்ளை என்றால் குரல் உயரும், இல்லையென்றால் உடையும், எதிரே இருப்பவரும் நம்மைச் சமாதானப்படுத்துவதிலேயே நேரத்தைக் கழித்துவிடுவார். வேறொருவர் பேசும்போது தேதி, நடந்தது, வேண்டியது என்று நேராக விஷயத்துக்கு வர முடிகிறது. அந்தப் பெண்ணின் ஆய்வக வகுப்பு இப்போது கீழ்த்தளத்தில் நடக்கிறது. லிஃப்ட் கேட்டோம், அது இன்னும் பேச்சளவில்தான்.

அப்புறம், தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இலக்குகள் எழுதி வைக்கும், நாம் எல்லோரும் ஐ.இ.பி. என்று சொல்லும் அந்தத் தாள்கள். ஒரு அம்மா சொன்னார்: "கையெழுத்து எங்கே போடணும்னு காட்டினாங்க, போட்டேன்." நம்மில் பலருடைய கதை இதுதான். அமெரிக்காவில் 1975-ல் வந்த சட்டம் இந்தத் திட்டத்தைக் கட்டாயமாக்கியபோதே அதைத் தயாரிக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் கொடுத்தது. பெற்றோரைச் சேர்த்தது, தயாரித்து முடித்ததில் கையெழுத்து வாங்குவதற்காக இல்லை. அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அவரவர் தாளைப் படித்தோம். "கவனம் மேம்படும்" என்று ஒரு இலக்கு. யாருடைய கவனம், எப்போது, எவ்வளவு? அதையே "எழுத்து வேலை கொடுத்தால், ஒரு முறை நினைவூட்டினால் போதும், பத்து நிமிடம் இருக்கையில் இருந்து செய்வான்" என்று எழுதினால் பருவ முடிவில் நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். இப்படி மாற்றி எழுதச் சொன்னதில் சிறப்பாசிரியர்களுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத வேண்டியவர்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பிறகு அவர்களே மாதிரி வாக்கியங்கள் தயாரித்துக் கொடுத்தார்கள்.

தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் வேண்டும் என்று கேட்டபோது, "மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) 24-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது அதில் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, சலுகையாக இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் தாளைவிட, டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ள ஒரு பையன் வாயால் சொன்ன பதில்களை அவனுடைய ஆசிரியரே கேட்டதுதான் காரியத்தை முடித்தது.

அதே உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அதைப் படித்துச் சொன்னது பெற்றோர் யாரும் இல்லை, ஒன்பதாம் வகுப்பு மாணவி. "என்னைப் பத்திப் பேசுற கூட்டத்துல நான் ஏன் இல்லை?" என்றும் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தனக்குக் காது கேட்காது என்பதை, மாற்று ஆசிரியர் வரும் நாட்களில் யாராவது அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம் பட்டியலில் அது இல்லவே இல்லை.

வருத்தமான விஷயம் ஒன்று. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கை பெயரோடு பகிரப்பட்டது. நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அந்தக் குடும்பம் குழுவை விட்டுப் போய்விட்டது. நானும் தலைவரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், அவர்கள் இன்னும் திரும்பவில்லை. இனி எந்தப் பிள்ளையின் அறிக்கையும் குழுவில் வரக் கூடாது, கேள்வி மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் வர முடிவதில்லை. இரண்டு முறை காலையில் வைத்துப் பார்த்தோம், வேலைக்குப் போகிறவர்கள் வரவில்லை. இதற்கு வழி கிடைக்கவில்லை. வர முடியாதவர்களுக்குப் போன் செய்து கேட்கும் பொறுப்பை இருவர் எடுத்திருக்கிறார்கள், இன்னும் இருவர் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

அடுத்த ஆண்டு செயலாளராக நான் தொடரவில்லை. பதிவேடும் கோப்புகளும் என் பையில் இருக்கின்றன. பொறுப்பேற்பவர் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருந்தால் கையோடு ஒப்படைத்துவிடுகிறேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருப்பவை பாதியில் நிற்கும் வேலைகள், முதல் வரியில் இருப்பது லிஃப்ட்.