லேசருக்குக் காசு வாங்கும் முன் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் துணிக்கடையில் தள்ளுபடி, பாத்திரக்கடையில் தள்ளுபடி, சரி. இப்போது முகத்துக்கும் தள்ளுபடி வந்துவிட்டது. முக முடி நீக்க, பருத் தழும்பு போக, மங்கு மறைய என்று லேசர் விளம்பரங்கள் உங்கள் நாளிதழின் இணைப்பிலும் வருகின்றன, எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு வரி: பக்க விளைவு இல்லை. நான் மதுரையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அந்த இல்லாத பக்க விளைவுகள் எல்லாம் கடைசியில் எங்கள் கடைக்குத்தான் வந்து சேர்கின்றன.

துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, அப்புறம்தான் மெதுவாகத் திறந்து காட்டுவார்கள். போன மாதம் வந்த பெண்ணுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் கருவியின் முனை பதிந்த அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கறுத்திருந்தது, ஒரு சதுரத்தின் ஓரத்தில் கொப்புளம் உடைந்து பொருக்கு வேறு. "இதுக்கு ஒரு டியூப் குடுங்கண்ணே." செய்த இடத்தில் கேட்டீர்களா என்றால், போன் பண்ணினாளாம், கற்றாழை ஜெல் போடச் சொன்னார்களாம். டாக்டர் பெயர் தெரியவில்லை. எந்த மெஷின் என்று கேட்டதற்கு "அமெரிக்கா மெஷின்" என்றாள், பாவம், அவளிடம் சொன்னதை அவள் சொல்கிறாள். கையிலிருந்த சீட்டு முழுக்க ஆங்கிலம், அதிலும் பாதிக்கு மேல் அடுத்த பேக்கேஜின் விலைப்பட்டியல்.

லேசரே ஆகாது என்று சொல்ல வரவில்லை. நல்ல தோல் மருத்துவரிடம் செய்து நன்றாக இருப்பவர்களும் என் வாடிக்கையாளர்களில் உண்டு. விஷயம் என்னவென்றால், முடி நீக்கும் லேசர் கறுப்பைத் தேடிப் போய்ச் சூடாக்கும் வெளிச்சம். முடியின் வேரில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமிதான் அதற்குக் குறி, ஆனால் நம் மேல்தோலிலும் அதே மெலனின் தாராளமாக இருக்கிறதே, அது எப்படி வேரை மட்டும் பார்த்துச் சுடும்? 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து வகை பிரிக்கத் தொடங்கினார், இன்று அதில் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஆறு வகை, நம்மில் பெரும்பாலானோர் நான்காவது, ஐந்தாவது. அந்தத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது, மேல்தோல் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும், வெளிச்சம் ஆழமாக இறங்கும். வெள்ளைத் தோலுக்குப் பெயர்போன 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட்டை நம்மவர் முகத்தில் அதே அளவில் வைத்தால் தோல்தான் வேகும். ஐபிஎல் என்று ஒன்று இருக்கிறது (கிரிக்கெட் இல்லை), அது லேசரே கிடையாது, பல அலைநீளம் கலந்த பளிச் வெளிச்சம், நம் நிறத்துக்கு அதில் சுடும் ஆபத்து கூடுதல். பல பார்லர்களில் அதற்கும் பெயர் லேசர்தான்.

முடி நீக்கிய பிறகு வேர்க்கால்களைச் சுற்றிச் சிவந்து லேசாக வீங்குவது சகஜம், ஓரிரு நாளில் அடங்கிவிடும். கொப்புளம் சகஜமில்லை. சூடு பட்ட இடம் கறுத்தால் மங்குவதற்குப் பல மாதம் ஆகும், வெளுத்துவிட்டால் அதைவிடச் சிரமம். தாடையில் பூனைமுடியை எடுக்கப் போய் அதைச் சுற்றி முடி கூடுதலாக முளைப்பதும் உண்டு, குறிப்பாக பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் பெண்களுக்கு, இதை முதலிலேயே சொல்பவர்கள் எத்தனை பேர்? மங்குக்கு லேசர் வைத்தால் முதலில் வெளுத்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி முன்னைவிட அடர்த்தியாக வரலாம். அடிக்கடி உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருகிறவர்கள் தழும்புக்கான கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், தடுப்பு மாத்திரை எழுதுவார். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு தழும்புக்கு லேசர் தேடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சிவப்பும் பொருக்கும் அடங்கவே ஒரு வாரம் ஆகும், கறுப்பு விழுவதானால் சில வாரம் கழித்து, சரியாக முகூர்த்த நேரத்துக்கு வந்து நிற்கும்.

அப்புறம் வீட்டில் நடப்பது. எரிகிறது என்று மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, டூத் பேஸ்ட் எல்லாம் ஏறும். எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, டாக்டர் தந்த களிம்பு, பொருக்கு இருந்தால் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, அதைப் பிய்க்காமல் இருக்கக் கையைக் கட்டிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. ப்ளீச் கூடாது, அடுத்த சிட்டிங் வரை த்ரெடிங், வேக்ஸிங் கூடாது, வேரையே பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? ஷேவ் செய்யலாம். சன்ஸ்கிரீனைப் பட்டாணி அளவு தொட்டுப் பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்புகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி வேண்டும், கத்திரி வெயிலில் குடையும் வேண்டும்.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இதில் எதையும் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா போட்டு "பளிச்" ஆன டியூபைக் கேட்கிறார்கள், ஸ்டீராய்டு கலந்தது. 2018-லேயே இந்தக் களிம்புகளில் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கெடுபிடி செய்தாயிற்று. சூடு பட்ட முகத்தில் அதை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தியதும் எரியும். நான் இல்லை என்கிறேன், நாலு கடை தள்ளிக் கிடைத்துவிடுகிறது. எங்கள் தொழிலின் வெட்கக்கேடு அது, அதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

லேசர் வைப்பவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில், காசு வாங்குவதற்கு முன். அதில் மெஷினின் பெயர், அலைநீளம், வைக்கப்போகும் சக்தியின் அளவு, சுடுபவர் யார், பொறுப்பான டாக்டரின் பதிவு எண், இந்த நிறத்துக்கு என்னென்ன ஆகலாம், ராத்திரி கொப்புளம் வந்தால் யாருக்குப் போன் செய்வது, இவ்வளவு இருந்தால் போதும். முழு முகத்துக்கும் முன் காதோரம் சின்ன இடத்தில் வைத்துப் பார்த்துச் சில நாள் பொறுத்திருந்தார்களா என்பதையும் அதிலேயே எழுதட்டும். பதிவு எண் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், ஆனால் பில்லும் இந்த விவரமும் இல்லாமல் போய் எதைக் காட்டுவது? உங்களிடமும் ஒன்று: டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத லேசர் விளம்பரத்தை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சூடு பட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் டியூப் தேடி அலைய வேண்டாம். மதுரைக்காரர்கள் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், போட்டோ எடுத்து வைத்திருந்தால் முதல் நாள் போட்டோவையும் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மதுரை