அறிவிப்பைக் கிழித்துவிட்டுத் தொட்டியை வையுங்கள்

சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 'கழிப்பறையில் நாப்கின் போடாதீர்கள், மீறினால் அபராதம்' என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒட்டுகிறீர்கள். அறிவிப்பு வெளிறிப்போகிறது, அடைப்பு மட்டும் நிற்பதில்லை. உங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கழிப்பறையை, அதாவது வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் துப்புரவுப் பணியாளர்களும் பயன்படுத்துவதை, ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கையில் பொட்டலத்துடன், ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் வாகன நிறுத்தத்தைக் கடந்து எந்தப் பெண் போவார்? உள்ளேயே போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார். மாமனார் முன்னிலையில் குப்பைப் பையை எடுத்துக் கொடுக்க வேண்டிய மருமகளின் நிலையும் இதுதான். வெட்கத்தை அபராதத்தால் விரட்ட முடியாது.

நாப்கின் உறிஞ்சுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். உள்ளிருக்கும் பாலிமர் துகள்கள் தம் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்து உப்புகின்றன. அடியில் பிளாஸ்டிக் உறை. மாடிகளிலிருந்து செங்குத்தாக இறங்கும் நான்கு அங்குலக் குழாயில் அது தடையின்றி வந்துவிடும். தரைமட்டத்தில் குழாய் படுக்கைவசமாகத் திரும்பும் வளைவில்தான் சிக்கும். ஏழாவது மாடியில் போட்டது தரைத்தள வீட்டுக் குளியலறையில் பொங்குவது இதனால்தான். பாவம், அடைப்பைப் பற்றிப் புகார் செய்கிறவரும் அந்தத் தரைத்தள வீட்டுக்காரரே, முதலில் சந்தேகிக்கப்படுகிறவரும் அவரே.

டயாபரும் ஆணுறையும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் இதே வகைதான். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் துடைப்பான்களைப் பலர் காகிதம் என்றே நினைக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் இருக்கின்றன. நீரில் கரையாமல், முடியோடும் நாரோடும் பின்னிக்கொண்டு கயிறாகத் திரளும்.

அடுத்தது அடுக்களை. வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றி, மேலே வெந்நீர் விட்டால் போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. போகிறது உண்மைதான். ஆறியதும் கொஞ்ச தூரம் தள்ளிக் குழாய்ச் சுவரில் படிகிறது. அந்தக் கொழுப்பு நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு வினைபுரிந்து, சோப்பு போன்ற கெட்டிப் பொருளாக மாறும். 2017இல் லண்டன் ஒயிட்சேப்பலில் தெருவுக்கு அடியில் இப்படித் திரண்டிருந்த கட்டி சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. கொழுப்போடு ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியது அது. அதன் துண்டை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை வேண்டாம். தீபாவளிக்குப் பிந்தைய வாரத்தில் ஒரு பழைய கேனை வாசலில் வைத்து எண்ணெயைச் சேகரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபில்டரில் மிஞ்சும் காப்பித் தூள், சோறு, பூஜைத் தேங்காயின் நார் ஆகியவற்றைச் சிங்கில் ஒரு சல்லடை தடுத்துவிடும். விநாயகர் சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரை வாளியில் கரைப்பவர்கள், அந்த நீரைக் குளியலறையில் கொட்டாமல் பூந்தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள்.

ஒரு குற்றச்சாட்டு உங்கள்மேலேயே உண்டு. வீட்டைப் புதுப்பிக்க வருகிறவர்களிடம் லிஃப்டில் கீறல் விழுந்தால் பிடித்துக்கொள்ள முன்பணம் வாங்குகிறீர்கள். டைல்ஸ் பதித்த கொத்தனார் சிமெண்ட் பாலைக் குளியலறைத் துவாரத்தில் கழுவி ஊற்றுவதை யாரும் பார்ப்பதில்லை. அது குழாய்க்குள் இறுகிவிட்டால் இயந்திரமும் உதவாது, குழாயை வெட்டித்தான் மாற்ற வேண்டும். முன்பணம் எதற்கு வாங்க வேண்டுமோ அதற்கு வாங்குங்கள்.

அடைப்பு என்றவுடன் ஆசிட் பாட்டிலைத் தேடுவதும் நிற்க வேண்டும். நாப்கினை ஆசிட் கரைக்காது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் குடியிருப்புகளுக்கு இன்னொரு நட்டம்: அந்தத் தொட்டியில் வேலை செய்வதே பாக்டீரியாக்கள்தான். கிருமிநாசினியை அளவில்லாமல் ஊற்றினால் அவை செத்துவிடும். பிறகு நாற்றம் என்று இயந்திரம் விற்றவரைத் திட்டிப் பயனில்லை. காலாவதியான மாத்திரைகளையும் கழிப்பறையில் கொட்டாதீர்கள், அவற்றைப் பிரித்தெடுக்க இந்த நிலையங்கள் கட்டப்படவில்லை.

இவற்றையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வது பராமரிப்புச் செலவுக்காக அல்ல. அடைப்பு முற்றிய இரவில் உங்கள் செயலாளர் தொலைபேசியில் அழைப்பது ஒரு மனிதரைத்தான். கழிவுநீர்ச் சேம்பரில் இறங்கிக் கையால் எடுக்க ஆயிரமோ இரண்டாயிரமோ பேசி முடிப்பார்கள். தேங்கிய கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்றப் பின்னால் இறங்கியவரும் விழுவார். சாக்கடை மரணங்களின் பட்டியலில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவருகிறது. மனிதர்கள் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழியிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் மறைமுகமாக அமர்த்தினாலும் சட்டம் விடாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தெரு இணைப்பில் அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்திடம் இயந்திரம் கேளுங்கள். அதுவரை எல்லா வீட்டிலும் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். ஓர் இரவு பொறுத்துக்கொள்ள முடியும்.

அடுத்த பொதுக்குழுவில் பெயிண்ட் நிறத்தைப் பற்றிய விவாதத்துக்கு முன்பாக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொதுக் கழிப்பறையிலும் காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியும், பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும். நாப்கின், டயாபர்களைச் சுற்றித்தான் தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. அதற்கு வாசலோரம் தனிப் பெட்டி, யாரும் யாரிடமும் கையில் கொடுக்க வேண்டாத இடத்தில். அதைக் கையாளும் பணியாளருக்குக் கையுறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதக் கட்டணத்தில் வீட்டுக்குச் சில ரூபாய் கூடும். எதிர்ப்பு வந்தால், கடந்த ஆண்டு அடைப்பு நீக்கச் செலவிட்ட ரசீதுகளைக் கூட்டத்தில் வாசியுங்கள். ரசீதே இல்லாமல் கொடுத்த பணம் எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
சென்னை அடுக்ககவாசி ஒருவர்