அட்டையைக் குப்பையில் போடாதே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே என் பெரியவன் பி.பார்ம் இரண்டாம் வருஷம், மருந்துக் கடையும் ஓடுகிறது. மற்ற சேதியெல்லாம் அப்புறம். தங்கச்சி பக்கத்தில் இருந்தால் போனில் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை போடாமல் தூங்குவதில்லை, தீபாவளி முடிந்ததும் மாத்திரை அட்டைகளை எல்லாம் குப்பையில் போடப் போகிறேன் என்கிறாய். தயவு செய்து அதைச் செய்யாதே. வருஷக்கணக்கில் தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் மட்டுமா போகும்? கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் பயம் வரும். சிலருக்கு வலிப்பே வந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். டாக்டர் பார்த்து, வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அவளைத் திட்டவும் செய்யாதே. அம்மா போன துக்கத்தில் தூக்கம் வராமல் தவித்தவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது பதினைந்து நாளைக்கு. அதே பழைய சீட்டைப் பார்த்து, பிறகு சீட்டே கேட்காமல், மாதாமாதம் கொடுத்த கடைக்காரர்மேல்தான் எனக்குக் கோபம். அல்பிரசோலம் ஹெச்1 அட்டவணையில், அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், இருக்கிற மருந்து. எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலே தங்கச்சி இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டாள்.

என் கடைக்கும் பையன்கள் வருகிறார்கள். டாபென்டடால் கேட்பார்கள், சீட்டு எங்கே என்றால் முறைத்துவிட்டுப் போவார்கள். வலிக்கு விழுங்குகிற மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். கரையாத தூள் ரத்தக்குழாயை அடைக்கும், ஊசி போட்ட இடம் சீழ் வைக்கும், அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். இதே மாதிரி வலி மாத்திரையான டிராமடாலை 2018ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றைக் கட்டுப்படுத்தினால் அடுத்ததைத் தேடுகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், சண்முகம். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஆனால் ஊர் பேசுவது இந்தப் பையன்களைப் பற்றி மட்டும்தான். டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளிவந்த தேசிய ஆய்வில், டாக்டர் சொல்லாமலே தூக்க மாத்திரை வகைகளை எடுத்துக்கொள்பவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் நம் வீட்டுப் பெண்களைப் போல வாய் திறக்காமல் இருப்பவர்களோ!

இன்னொன்று. இருமல் வந்தால் கோடீன் சேர்ந்த சிரப் எதையும் அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே. இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். சாராயமும் அப்படித்தான். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் நீயும் கூடப் போ. மாத்திரை மயக்கத்தில் கால் தடுமாறும்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. மனநலப் பிரிவில் காட்டு. பழைய சீட்டையும் இப்போதைய அட்டையையும் எடுத்துப் போ. அங்கே தயக்கமாக இருந்தால் இங்கே அழைத்து வா. ஓசூர் ரோட்டு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் நானே சீட்டுப் போட்டு வைக்கிறேன். போனில் யோசனை கேட்க போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.

எந்த வாரம் தோதுப்படும் என்று சொல். டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரை இப்போது போடுகிற அளவிலேயே இருக்கட்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அன்புடன்,
கோபால்