குருகிராமில் பிறந்த வண்டி

கல்லிடைக்குறிச்சி,
13.7.2025

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். சாரல் நாலு நாளாக விட்டு விட்டு விழுகிறது. துவைத்தது எதுவும் காயவில்லை.

போனில் நீ கேட்டதற்கு நான் பிடி கொடுத்துப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம் போல. போனில் உன்னோடு கணக்குப் பேச முடியாது ஐயா. பாதியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வழி எழுதாமல் விடை மட்டும் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னது இதுதான்: உன் போர்டு ஈக்கோஸ்போர்ட் காரைக் குருகிராமிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே அனுப்புகிறாய். நாங்கள் நம் மாருதி 800-ஐ விற்றுவிட வேண்டும். ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வரும் அக்டோபரோடு உன் வண்டிக்குப் பத்து வருடம் முடிகிறது. டீசல் வண்டிக்கு உங்கள் பக்கம் ஆயுசு அவ்வளவுதான். டெல்லியில் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வயதான வண்டிக்கு எண்ணெய் கிடையாது என்றார்கள், ஒரே வாரத்தில் நவம்பர் 1-க்குத் தள்ளிவைத்தார்கள், அதில் குருகிராமும் சேர்ந்துகொண்டது. எல்லாம் பேப்பரில் படித்தேன். விற்றால் அங்கே அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள், பெற்றவர்களாவது ஓட்டட்டும் என்று நீ நினைத்தது நல்ல மனசுதான். "மறைமலை நகரில் பிறந்த வண்டி, தமிழ்நாட்டுக்கே வந்து சேரட்டும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, நம் 800 செய்தது குருகிராம் தொழிற்சாலையில். உன் ஊரில் பிறந்தது இங்கே நிற்கிறது, இந்தப் பக்கம் பிறந்தது அங்கே நிற்கிறது.

முதலில் ஒரு தப்பைத் திருத்துகிறேன். "15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியை ஓட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள்" என்றாயே, அது டெல்லிக் கணக்கு. இங்கே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் மேலும் 5 வருடம் ஓட்டலாம். மே மாதமே அதை முடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே இந்தப் பேச்சு தொடங்கியிருக்கும். கட்டணம் 5,000 ரூபாய், அது போகப் பசுமை வரி. அதற்கு முந்தின வாரம் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி கீழ்த்தகட்டில் இரண்டு இடத்தில் ஓட்டை அடைத்து, கதவு அடியில் துருவைச் சுரண்டிப் பட்டி வைத்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார். டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆபீசில் சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார்கள். எண் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வருவதைப் பார்க்க, சின்னப் பிள்ளையில் நீ காலணாக் காசை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

அது 2010 மே மாதம் வாங்கியது. அதற்கு முந்தின மாதமே சென்னை மாதிரிப் பெரிய ஊர்களில் 800 விற்பதை நிறுத்திவிட்டார்கள், புதுப் புகை விதிக்கு அது ஒத்துவரவில்லை. நம்மைப் போன்ற ஊர்களில் மட்டும் இன்னும் சில வருடம் கிடைத்தது. அப்போது எனக்கு 48 வயது. உன் அப்பாவுக்கு சைக்கிளும் டி.வி.எஸ். 50-ம் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. பாபநாசம் ரோட்டில் 'எல்' போர்டோடு நான் பழகியபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் காலை மிதித்துக்கொண்டே வந்தார். இன்றைக்கும் மிதிக்கிறார்.

இப்போது நம் வீட்டுக்கு வரும் குறுகலான முடுக்குக்கு வருகிறேன். நீ இந்த முடுக்கை மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மேல வீட்டு ஆச்சி திண்ணைக்கும் எதிரே இருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே அப்பா ஒரு நுனியைப் பிடித்தார். 6 அடி 8 அங்குலம். நம் வண்டியின் அகலம் 4 அடி 9 அங்குலம்கூட இல்லை. உன் வண்டி 1,765 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, அதாவது 5 அடி 9 அங்குலத்துக்குச் சற்று மேல். பக்கத்துக்கு 5 அங்குலம் மிஞ்சும், கண்ணாடி இரண்டையும் மடக்கினால். மடக்கினால் பின்னால் வருவது எனக்குத் தெரியாது. ஆச்சி வெற்றிலைப் பெட்டியோடு காலை நீட்டி உட்காரும் திண்ணை அது. "என்னத்துக்கு அளக்கே, இடிக்கப் போறாகளா?" என்று கேட்டாள். விவரம் சொன்னதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், வண்டி வந்தே விட்ட மாதிரி. நீ இதைப் படித்துச் சிரிப்பாய். ஆனால் தினமும் இரண்டு தடவை அந்த 5 அங்குலத்தில் போய் வர வேண்டியவள் நான்.

அடுத்தது என் நோட்டு. 2010-லிருந்து பெட்ரோல் போட்ட நாள், கிலோமீட்டர் எல்லாம் எழுதுகிறேன், தெரியுமே. போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை ஓடியது 3,640 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 வைத்தால் 228 லிட்டர். அதே தூரம் உன் டீசல் வண்டி நம் ஊர் ஓட்டத்துக்கு 17 கொடுத்தால் 214 லிட்டர். விலையில் லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய் வித்தியாசம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்தான் மிச்சம். அதில் இன்சூரன்ஸ் கொஞ்சத்தைத் தின்றுவிடும்: ஆயிரம் சி.சி.க்குள் இருக்கும் நம் வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், உன் ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு 3,416. ஜி.எஸ்.டி. தனி. டீசல் வண்டி நிறைய ஓடுகிறவனுக்குத்தான் லாபம். அம்பை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய் வருகிறவளுக்கு அது எதற்கு? மிஞ்சுகிற ஆயிரத்துச் சொச்சத்தில் லாரி வாடகையை என்றைக்கு எடுப்பது? அங்கே ஆட்சேபம் இல்லை என்று என்.ஓ.சி. வாங்க வேண்டும், 12 மாதத்துக்கு மேல் இங்கே நின்றால் புது நம்பர் வாங்க வேண்டும், அதற்குத் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். உன் அப்பா இந்த இடத்தில் "அங்கே கட்டின வரியைத் திருப்பிக் கேட்கலாமே" என்றார். கேட்கலாம். குருகிராமில் நின்று கேட்க வேண்டியது நீ.

பெட்ரோல் விஷயத்தில் உன் வண்டிக்கு ஒரு மார்க் கொடுக்கிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2010-ல் செய்த வண்டியின் ரப்பருக்கு அது பழக்கமில்லை. போன வருடம் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. அண்ணாச்சி பார்த்துவிட்டு, ஹோஸ் விரலால் அழுத்தினால் வெடித்துவிடும் போல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் மாற்றினார். நோட்டில் பதினேழரையாக இருந்த மைலேஜ் 16 ஆனதும் இந்தச் சமயத்தில்தான். டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த ஹோஸ் வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது, நானும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். 800 செய்வதை 2014-ல் நிறுத்தினாலும் பார்ட்ஸ் அம்பையிலேயே கிடைக்கிறது. போர்டு கம்பெனிக்காரர்கள் 2021-ல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். பார்ட்ஸ் கொடுக்கிறார்கள் என்கிறாய், இருக்கட்டும். ஒரு சென்சார் போனால் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க நான் 35 கிலோமீட்டர் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

2023 வெள்ளத்தை நீ டிவியில்தான் பார்த்தாய். டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி சிந்துபூந்துறை அத்தான் வண்டி ஜன்னல் வரை முங்கியது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் மனுஷன் பொறுக்க மாட்டாமல் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியுமா? கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. தானாக ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்ததற்குப் பாலிசியில் இடமில்லை, எஞ்சினுக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம் வண்டி அன்றைக்கு மேட்டில் நின்றது, தப்பித்தது. முங்கியிருந்தால் அதன் ராடும் வளைந்திருக்கும், அதில் பழசு புதுசு கிடையாது. ஆனால் எனக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கி மாட்டுகிற செலவோடு போயிருக்கும். அத்தானுக்கு இன்னும் கடன் தவணை போகிறது.

சரி, இப்போது உன் பக்கத்து நியாயம். அப்பாவின் முழங்கால்.

நம் வண்டியின் சீட் தாழ்வு. அவர் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலது காலைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்து, அப்புறம் இடது காலை இழுத்துக்கொள்வார். இறங்கும்போது கதவின் மேல் விளிம்பைப் பிடித்து எழும்புவார், அந்தக் கதவு கீல் ஒரு பக்கம் தொங்குவது அதனால்தான். போன மாதம் பக்கத்து வளவுத் தம்பியின் உயரமான காரில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம், பத்தமடை தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் வண்டியை வேண்டாம் என்பதில் எனக்குக் குத்துவது இது ஒன்றுதான். ஏர்பேக் பற்றியும் நீ சொன்னாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நம் வண்டியில் அது கிடையாது. நாலு வழிச் சாலையில் 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்பதும் உண்மை.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். 800 இருக்கும். ஊருக்குள், அம்பை, பாபநாசம், அவ்வளவுதான் அதற்கு எல்லை. இருட்டிய பிறகு எடுக்க மாட்டேன். நாலு வழிச் சாலைக்கும் போக மாட்டேன். ஹைகிரவுண்டுக்கு மாதம் ஒருமுறை ஸ்டாண்டிலிருந்து உயரமான கார் ஒன்றை டிரைவரோடு எடுத்துக்கொள்வோம். போன தடவை விசாரித்தேன், 2,000 ரூபாய் கேட்டார்கள். வருடத்துக்கு 24,000. நீ கொடுப்பதாகச் சொன்ன லாரி வாடகையும் வரியும் எத்தனை வருடத்துக்கு வரும் என்று நீயே வகுத்துப் பார். முன் சீட்டில் இலவம்பஞ்சில் மூன்று அங்குல மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். அப்பா தலை மேலே இடிக்கிறது என்கிறார், ஆனால் எழும்பும்போது கதவைப் பிடிப்பதில்லை.

ஆர்.சி. 2030 வரை இருக்கிறது. அப்போது எனக்கு 68. அதற்கு மேல் பேச்சு எடுத்தால் நான் கேட்கிறேன்.

உன் வண்டியை அங்கேயே, அக்டோபருக்கு முன்னால் விற்றுவிடு. வெளி மாநிலத்து வியாபாரி வந்து கேட்டால் கொடு, இரண்டு பேரிடம் விலை கேட்ட பிறகு கொடு. கொடுக்கும்போது ஆர்.சி. பெயர் மாறும் வரை விடாதே. உன் மாமா ஒரு புல்லட்டை விற்றுவிட்டு மூன்று வருடம் கழித்து அபராத நோட்டீஸ் வாங்கினார்.

ஒன்று மட்டும் வேண்டும். டயருக்குக் காற்று அடிக்கும் சின்ன மிஷின் ஒன்று டிக்கியில் வைத்திருப்பாயே, அதை வண்டியோடு கொடுத்துவிடாதே. தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா. நம் வண்டியில் அதைச் சொருக இடம் இல்லை. பேட்டரியில் நேராகக் கவ்வ வைக்கிற கிளிப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

அம்மா