ரிச்சி தெருவில் என் மெட்டைக் கேட்டவருக்கு

வீட்டில் பதிவு செய்த 2 நிமிட எலெக்ட்ரிக் கிட்டார் மெட்டு முழுக்க ஒரே ரீங்காரம். நண்பர்கள் "அருமை" என்பதோடு சரி. கேபிள்தான் பழுது என்று நானே முடிவு கட்டி, சென்னை ரிச்சி தெருவில் புதியது வாங்க நின்றேன்.

பக்கத்தில் ஈயக்கம்பி வாங்க வந்த நீங்கள், "கேட்கலாமா?" என்று ஹெட்போனை வாங்கி, கண்ணை மூடி மூன்று முறை கேட்டீர்கள். "காசை வீணாக்காதீர்கள் தம்பி. இது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற உங்கள் சிங்கிள் காயில் பிக்கப் இதையும் இழுக்கும். கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, சத்தம் குறைகிற பக்கம் திரும்பி வாசியுங்கள்."

அதோடு விட்டீர்களா? என் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, அந்தச் சந்தடியில் அதன் உடம்பில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, சுருதி சரியாக, கழுத்தின் 12ஆவது ஃபிரெட்டில் (உலோகக் கட்டையில்) அழுத்திய சுரமும், அங்கேயே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினீர்கள். "இரண்டாம் பகுதியில் தாளத்தை முந்தி ஓடுகிறீர்கள்" என்றும் சொன்னீர்கள். டீக்குக்கூட என்னைக் காசு கொடுக்கவிடவில்லை. பெயர் கேட்கத் தோன்றாத மடையன் நான்.

ஐயா, நன்றி. இப்போது பீரோவைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறேன்; முனகல் ஏறக்குறைய போய்விட்டது. இரண்டாம் பகுதியில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.